சின்னப் பெட்டிக்குள் பெரிய கார்டு: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

அக்கா மகன் கோலாலம்பூரில் படிக்கிறான். மாதத்தில் இரண்டு முறையாவது ரயிலேறி ஈப்போவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ யாருடைய காரோ பிடித்து எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்துவிடுவான். போன முறை வந்தபோது முதுகுப்பையில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, கையில் புத்தம் புதிய கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் பலகை), முகத்தில் மட்டும் களை இல்லை. "மாமா, கார்டு உள்ளே போகிறது, பக்கத்து மூடிதான் மூட மாட்டேங்குது" என்றான். நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான். ஆனால் பவர் கேபிள் கார்டின் தலையில் செருகி நிமிர்ந்து நிற்கும், அதற்கும் இடம் வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. விற்ற கடையில் கேட்டால் பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்று ஒரே பதில்.

இவனை மாதிரி இந்த ஊர்ப்பக்கம் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். சின்ன அளவில் வரும் உயர்ரகக் கார்டு வாங்கலாமா, கொடுக்கிற கூடுதல் காசுக்குத் தகுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர். பகலில் மோட்டாரும் சுவிட்ச்போர்டும், மாலையில் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகளின் கணினி. அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் எத்தனை வாட் என்றுதான் கேட்பேன். இந்த விஷயத்துக்கு அந்தக் கேள்விதான் சரியான தொடக்கம் என்றும் நினைக்கிறேன்.

எதைச் சின்னது என்கிறார்கள்?

2015இல் கார்டுச் சில்லு செய்யும் ஏஎம்டி நிறுவனம் ஆர்9 நானோ என்று ஒரு கார்டு விட்டது. நீளம் 152 மிமீ, ஒரே ஒரு காற்றாடி. உள்ளே இருந்த சில்லு, அதே ஆண்டு தண்ணீர்க் குளிரூட்டியோடு வந்த ஃப்யூரி எக்ஸின் முழுச் சில்லு. ஒன்றையும் வெட்டிக் குறைக்கவில்லை. வித்தியாசம் மின்சாரத்தில் இருந்தது. ஃப்யூரி எக்ஸுக்கு 275 வாட், நானோவுக்கு 175 வாட். அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பதால் அட்டைப்பெட்டியில் போட்ட 1000 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை விளையாட்டு ஓடும்போது அது பெரும்பாலும் எட்டாது, கொஞ்சம் கீழேயே ஓடும். வந்தபோது விலை 649 அமெரிக்க டாலர், சில மாதத்திலேயே 499க்கு இறக்கினார்கள். சின்ன உயர்ரகக் கார்டின் கதை முழுக்க இந்த ஒரு கார்டுக்குள் இருக்கிறது: சில்லு பெரியது, மூச்சு சிறியது, வந்தபோது விலையும் பெரியது.

அதற்குப் பிறகு கார்டுகள் வளர்ந்துகொண்டே போயின. ஏஎம்டியின் போட்டி நிறுவனமான என்விடியா தன் பெயரிலேயே விட்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 304 மிமீ நீளம், மூன்று ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு செருகும் இடம்) தடிமன், 450 வாட். 2024இல் என்விடியாவே சின்னப் பெட்டிக்கு ஏற்ற கார்டு என்றால் இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை கொடுத்தது: நீளம் 304 மிமீ, கேபிள் வளைவையும் சேர்த்து உயரம் 151 மிமீ, தடிமன் 50 மிமீ. 304 மிமீ என்பது ஓர் அடி. பள்ளிக்கூடத்து அடிக்கோல் நீளம்! அதற்குப் பெயர் சின்னக் கார்டு. ஆகவே பெட்டியில் ஒட்டியிருக்கும் வாசகத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள், ஒருவருக்குச் சின்னது இன்னொருவர் பெட்டியில் மூக்கை முட்டும்.

என் கணக்கில் இப்போது புழக்கத்தில் இருப்பதை மூன்றாகப் பிரிப்பேன். முதலாவது, 240 மிமீ பக்கம் வரும் இரண்டு ஸ்லாட் கார்டுகள். ஆர்டிஎக்ஸ் 4070இன் என்விடியா பதிப்பு 244 மிமீ, 200 வாட், 12 ஜிபி நினைவகம். 2025இல் வந்த 5070 கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் 250 வாட். இரண்டாவது, ஓர் அடி நீளத்தில் இரண்டே ஸ்லாட்டுக்குள் நெருக்கிய பெரிய கார்டுகள். 5080 360 வாட், 5090 575 வாட். இவை பொறியியலாகப் பார்த்தால் அபாரம், 575 வாட்டை இரண்டு ஸ்லாட்டில் அடக்கியது சும்மா வேலையில்லை. ஆனால் காற்றோட்டம் இல்லாத சின்னப் பெட்டியில் போட்டு நம் ஊர் வெயிலில் ஓட்டுவது என்பது வேறு சங்கதி. மூன்றாவது, தாழ்ந்த உயரக் கார்டுகள். அலுவலகங்கள் கழித்துவிடும் மெலிந்த கணினிகளில் போகிற வகை, 69 மிமீ உயரம்தான். இதில் உண்மையில் வலுவான ஒன்று ஆர்டிஎக்ஸ் 4000 எஸ்எஃப்எஃப் ஏடா என்ற தொழில்முறைக் கார்டு. 70 வாட்தான் குடிக்கும், ஸ்லாட்டிலிருந்து வரும் மின்சாரமே போதும், தனிக் கேபிள் வேண்டாம், 20 ஜிபி நினைவகம். விலையைக் கேட்டால் தலை சுற்றும். விளையாட்டுக்கு அதை வாங்குவது வீண்செலவு.

சூடுதான் முதல் கணக்கு

கார்டு குடிக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். படம் வரைந்தது, வீடியோ மாற்றியது என்று எதற்கும் தனியாகக் கழிவு கிடையாது. 250 வாட் கார்டு என்றால் 250 வாட் ஹீட்டர். பெரிய கார்டுக்கும் சின்னக் கார்டுக்கும் ஒரே சில்லு, ஒரே வாட் என்றால் அந்தச் சூட்டை வெளியே தள்ளச் சின்னக் கார்டிடம் உலோகத் தகடு குறைவு, காற்றாடியும் சிறியது. ஆக அதற்கு இரண்டே வழி. கூடுதல் சூட்டில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் காற்றாடியை வேகமாகச் சுற்ற வேண்டும். பெரும்பாலும் இரண்டும் நடக்கும்.

இங்கேதான் நம் ஊர் வந்து சேர்கிறது. யூடியூபில் நீங்கள் பார்க்கிற சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி ஏர்கோன் அறையில் செய்தவை. நம் வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே, 32 டிகிரி சாதாரணம். காற்றாடி வேகம் மாறாமல் இருந்தால் அறைச் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரி கார்டும் ஏறும். அங்கே 72 காட்டிய கார்டு இங்கே 82 காட்டும். 4070க்கு என்விடியா கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 90. பெரிய மூன்று காற்றாடிக் கார்டு அங்கே 60இல் நின்றிருந்தால் இங்கே 70இல் நிற்கும், பிரச்சினையே இல்லை. வரம்பை ஒட்டி ஓடுகிற சின்னக் கார்டுக்குத்தான் அந்தப் பத்து டிகிரி வலிக்கும். வரம்பைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் காற்றோடு போகும்.

ஏர்கோன் போட்டுக்கொள்கிறேன் என்பீர்கள். போடுங்கள். ஆனால் கார்டு, சிபியு எல்லாம் சேர்த்து 400 வாட் என்று வையுங்கள், அது மணிக்கு 1,365 பிடியூ (ஏர்கோன்காரர்கள் சூட்டை அளக்கும் அலகு). ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் தள்ளுவது சுமார் 9,000 பிடியூ. உங்கள் ஏர்கோனில் ஏழில் ஒரு பங்கு கணினிக்கே வேலை செய்கிறது. ஒரு சின்ன ரைஸ் குக்கரை அறைக்குள் ஓயாமல் எரிய விட்டு, கதவையும் மூடிக்கொண்டு குளிருக்குக் காத்திருக்கிற கதை.

ஆகவே என் முதல் விதி: சின்னப் பெட்டி வேண்டும் என்றால் குறைந்த வாட் சில்லைத் தேர்ந்தெடுங்கள். அதிக வாட் சில்லின் குட்டைப் பதிப்பைத் தேடாதீர்கள். 200, 220 வாட்டில் நிற்கும் கார்டு (4070, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 மாதிரி) சின்னப் பெட்டியில் நிம்மதியாக ஓடும். 300 வாட்டைத் தாண்டியது என்றால் நான் கை வைக்க மாட்டேன், கடைக்காரர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும்.

அளப்பது

சரி, அக்கா மகன் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருவோம். நீளம், உயரம், தடிமன் மூன்றையும் அளக்க வேண்டும், விற்பனைப் பக்கங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது நீளம் மட்டும்தான்.

நீளத்தை அளக்கும்போது பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்கச் சுவர்வரை டேப் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முன்னால் காற்றாடி இருந்தால் அதன் 25 மிமீயைக் கழியுங்கள், மெலிந்த காற்றாடி என்றால் 15. கேபிள் கற்றை அங்கேதான் சுருண்டு கிடக்கப் போகிறது என்றால் இன்னும் கொஞ்சம். பெட்டித் தயாரிப்பாளர் 'அதிகபட்சம் 300 மிமீ' என்று போட்டால் அது காலிப் பெட்டியின் கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரம்தான் ஆளை ஏமாற்றுவது. சாதாரணக் கார்டின் தரமான உயரம் 111 மிமீ, ஆனால் பல நிறுவனங்கள் குளிரூட்டியைப் பெரிதாக்க 130, 140 என்று போய்விடுகின்றன. அதற்கு மேல் கேபிள் தலை. புதிய 16 முனை இணைப்பு உள்ள கார்டாக இருந்தால் செருகிய இடத்திலிருந்து 35 மிமீவரை கேபிளை வளைக்கக் கூடாது என்பது அறிவுரை. 120 மிமீ உயரக் கார்டுக்கு 35ஐச் சேர்த்தால் 155 ஆகிவிட்டது, பல சின்னப் பெட்டிகளில் மூடி அதற்கு முன்னாலேயே வந்துவிடும். மூடியை அழுத்தி மூடிவிடலாம் என்று முயற்சி பண்ணாதீர்கள். பாதி செருகிய இணைப்பில் தொடுபரப்பு குறைந்து சூடேறி உருகிய கார்டுகளின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றியவை, என் ஆலையில் தளர்ந்த டெர்மினல் கருகுவதும் இதே காரணத்தால்தான். பழைய 8 முனை இணைப்பு இந்த விஷயத்தில் தேவலாம், கேபிளைக் கொஞ்சம் தாராளமாக வளைக்கலாம். 4070இல் ஒரே ஒரு 8 முனையோடு வந்த மாடல்கள் நிறைய உண்டு. அந்த முனை 150 வாட், ஸ்லாட் 75 வாட், மொத்தம் 225, கார்டுக்குத் தேவை 200. கணக்கு சரியாக இருக்கிறது.

தடிமனுக்கு ஒரு ஸ்லாட் என்பது 20.32 மிமீ. இரண்டு ஸ்லாட் என்று சொல்லிவிட்டு 43, 44 மிமீ இருக்கும் கார்டுகள் உண்டு. அந்த மூன்று மில்லிமீட்டர் காற்றாடிக்கும் மூடிக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளியைத் தின்றுவிடும். காற்றாடி முன்னால் இடைவெளியே இல்லாமல் துளைத்தகடு உரசுகிற மாதிரி இருந்தால் சத்தம் விசில் அடிக்கும்.

இதையெல்லாம் தாளில் எழுதிக் குழப்பிக்கொள்வதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. மைலோ பெட்டியை வெட்டி, வாங்கப் போகும் கார்டின் நீளம், உயரம், தடிமன் அளவுக்கு ஓர் அட்டைக் கார்டு செய்யுங்கள். மேலே கேபிள் இருக்கும் இடத்தில் 35 மிமீ உயரத்துக்கு ஒரு துண்டை நட்டு வையுங்கள். பெட்டிக்குள் வைத்து மூடிப் பாருங்கள். சாய்த்து நுழைக்க முடிகிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் சில பெட்டிகளில் உட்கார இடம் இருக்கும், உள்ளே போக வழி இருக்காது. பத்து நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் அக்கா மகனுக்கு அந்த நூற்றைம்பது ரிங்கிட் நஷ்டம் வந்திருக்காது (கடைசியில் அந்தக் கார்டை பெரிய பெட்டி வைத்திருந்த இன்னொரு பையனுக்குக் குறைத்து விற்றோம்).

பவர் சப்ளையையும் இதோடு பார்த்துவிடுங்கள். சின்னப் பெட்டிக்குப் போவது எஸ்எஃப்எக்ஸ் வகை, 125 மிமீ அகலம், 100 மிமீ நீளம், 63.5 மிமீ உயரம். 4070, 5070 இரண்டுக்கும் என்விடியா சொல்வது 650 வாட் சப்ளை, 5080க்கு 850. எஸ்எஃப்எக்ஸில் இந்த அளவெல்லாம் கிடைக்கிறது, விலைதான் பெரிய பெட்டிக்குப் போகும் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளையைவிடக் கூட. கார்டை மதர்போர்டுக்குப் பின்னால் நிறுத்தும் இரட்டை அறைப் பெட்டி என்றால் கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் ஒன்று நடுவில் வரும். பழைய, மூன்றாம் தலைமுறை ஸ்லாட் வேகத்துக்குச் செய்த ரைசரில் புதிய கார்டைச் செருகினால் திரை கறுத்துப்போகலாம், கணினி திடீர் திடீரென்று மறுபடி தொடங்கலாம். கார்டு கெட்டுவிட்டது என்று பதறி ஈப்போவுக்கு ஓடாதீர்கள், முதலில் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கிப் பாருங்கள்.

என்ன லாபம்?

இவ்வளவு குறை சொன்னபின் லாபமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தூக்கிக்கொண்டு போவதற்கு இதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பத்து லிட்டர் பெட்டி முதுகுப்பையில் போகும், ரயிலில் காலடியில் வைத்துக்கொள்ளலாம், மழை வந்தால் பையோடு பிளாஸ்டிக் சுற்றிக் கப்சாய் மோட்டார்சைக்கிளில் முன்னால் வைத்து ஓட்டலாம் (நான் செய்திருக்கிறேன், பரிந்துரைக்கவில்லை). 40 லிட்டர் டவர் பெட்டியை அப்படி யோசிக்கவே முடியாது. எடை இன்னொரு விஷயம். ஒன்றரை, இரண்டு கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு, தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு வந்தால் ஸ்லாட்டும் கார்டின் பலகையும் விரிசல் விடலாம். குட்டைக் கார்டு இலகுவானது, அவ்வளவு தொங்காது. கல்யாண வீடியோ எடுக்கிற நம் பையன்கள் மண்டபத்துக்கே கணினியைக் கொண்டுபோய் அன்றைக்கே சிறு தொகுப்பு ஓட்டிக் காட்டுகிறார்கள், அவர்களுக்கு இது வரம். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற இடத்தில் மேசைமேல் ஒரு சாண் இடம் மிச்சமானாலும் அம்மாவிடம் திட்டு குறையும், அதையும் லாபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கிக்கொண்டு போகத்தானே, மடிக்கணினி வாங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மடிக்கணினியில் 4070 என்று எழுதியிருப்பதும் மேசைக் கணினி 4070உம் ஒன்று கிடையாது. மடிக்கணினியில் இருப்பது வேறு, சிறிய சில்லு. 4,608 கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்), 8 ஜிபி. மேசைக் கார்டில் 5,888 கோர்கள், 12 ஜிபி. பெயர் ஒன்றாக வைத்திருப்பது வியாபாரம். 4கே வீடியோவை அடுக்கடுக்காக வைத்து நிறம் திருத்துகிறவர்களுக்கு அந்த 8 ஜிபி சீக்கிரமே தட்டுப்படும். ஆனால் திரை, விசைப்பலகை எல்லாம் ஒன்றாகப் போய் வரும் வசதி மடிக்கணினிக்குத்தான், சின்னப் பெட்டிக்காரர் போகிற இடத்தில் எல்லாம் ஒரு திரை இருக்க வேண்டும். எங்கள் பையனுக்கு இங்கே என் பழைய திரை இருக்கிறது, அங்கே அறைத்தோழனுடையது. அது இல்லாவிட்டால் மடிக்கணினியே வாங்கச் சொல்லியிருப்பேன்.

காசும் சத்தமும்

கார்டு மட்டும் விலை கூடினால் பரவாயில்லை. சின்ன மதர்போர்டு (170 மிமீ சதுரம்) விலை கூட, எஸ்எஃப்எக்ஸ் சப்ளை விலை கூட, நல்ல பெட்டி என்றால் அதுவும் கூட, ரைசர் தனி. வாங்குமுன் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள்: ஒரு பக்கம் சின்னக் கணினியின் மொத்த விலை, இன்னொரு பக்கம் அதே கார்டோடு சாதாரண டவர். வித்தியாசத்தைக் கடைசியில் எழுதி, அந்தக் காசுக்கு டவர் பக்கத்தில் ஒரு படி மேலான கார்டு கிடைக்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும். கணினி மேசையை விட்டு நகரப்போவதே இல்லை, அறையில் இடமும் இருக்கிறது என்றால் அந்தத் தாளைப் பார்த்தபின் யாரும் சின்னது வாங்க மாட்டார்கள். அழகுக்காக வாங்குகிறேன் என்பவர்களைத் தடுக்க நான் யார்.

சத்தம் பற்றி ஒன்று. ஒரே காற்றாடி உள்ள 170 மிமீ கார்டுகள் வேகம் எடுத்தால் மாவரைக்கிற மிக்ஸி சத்தம் பக்கத்து அறைவரை போகும். கிடைத்தால் இரண்டு காற்றாடியோடு 240 மிமீ பக்கம் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். பெட்டி மேசைமேல், காதுக்கு இரண்டடியில் இருக்கப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தரையில் இருந்த டவரில் கேட்காத காயில் வைன் (கார்டின் மின்சுருள்கள் எழுப்பும் கீச்சொலி) இங்கே கேட்கும்.

அப்புறம் பழுது. சின்னக் கார்டின் காற்றாடி போனால் அதே அளவில் மாற்றுக் கிடைப்பது கஷ்டம். பழைய கார்டு வாங்குகிறவர்கள் கையோடு சோதித்து வாங்குங்கள்: கார்டை முழு மூச்சில் ஓடவைக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சில்லின் சூடு, ஹாட்ஸ்பாட் (சில்லின் ஆகச் சூடான புள்ளி) சூடு இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 25 டிகிரிக்கு மேல் இடைவெளி விழுந்தால் தெர்மல் பேஸ்ட் (சில்லின் சூட்டைக் குளிரூட்டிக்குக் கடத்தும் பசை) காய்ந்திருக்கலாம் என்று நான் விலையைக் குறைத்துக் கேட்பேன். புதிதாக வாங்கினால் லோக்கல் செட்டா, அதாவது உள்ளூர் உத்தரவாதம் உள்ளதா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் வாங்கினாலும் ஈப்போவில் வாங்கினாலும், உத்தரவாதத்துக்கு அனுப்பி வைக்கப் போவது நாம்தான்.

வாங்கியபின்

முதல் நாளே செய்ய வேண்டியது பவர் லிமிட்டை, அதாவது கார்டு குடிக்கலாம் என்ற மின்சார வரம்பைக் குறைப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து 80 விழுக்காட்டில் வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் குறைந்தால் வேகமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று பயப்படத் தேவையில்லை. மின்சாரச் செலவு வோல்டேஜின் இருமடிப்படி ஏறுகிறது. கடைசி சில மெகாஹெர்ட்ஸைப் பிழிய வோல்டேஜை ஏற்றும்போதுதான் பெரும்பகுதி சூடு வருகிறது. வோல்டேஜைப் பத்து விழுக்காடு குறைத்தாலே 0.9 தடவை 0.9, அதாவது 0.81, அதே வேகத்தில் செலவு கிட்டத்தட்ட 19 விழுக்காடு இறங்கும். பொறுமை உள்ளவர்கள் அதே மென்பொருளில் வோல்டேஜ் வளைகோட்டைத் திறந்து அண்டர்வோல்ட் செய்யலாம், அதாவது அதே வேகத்துக்கு வோல்டேஜைக் குறைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் பழக்கமான கனமான விளையாட்டை அரைமணி நேரம் ஓட்டி, நின்றுபோனால் ஒரு படி ஏற்றிவிடுங்கள். இங்கே செய்துவிட்டு மத்தியான வெயிலில் ஒரு தடவை சோதியுங்கள், இரவு பத்து மணிச் சோதனை செல்லாது.

தூசு நம் பக்கம் தனி ரகம். செம்மண் தூசு, ஆலைப் புகைக்கரி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், சாம்பிராணிப் புகையில் பிசின் இருக்கிறது, அது தகடுகளில் மெலிதாகப் படிந்தால் தூசு அதன்மேல் பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். சின்னக் கார்டில் தகடுகள் நெருக்கம், சீக்கிரம் அடைக்கும். சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினியை வைக்காதீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தூரிகையும் ஊதுகருவியும் எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது காற்றாடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

இடி மின்னலுக்கு ஒரே மருந்து பிளக்கைப் பிடுங்குவதுதான். சாயங்காலம் கிழக்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் சேமித்துவிட்டு எழுந்துவிடுங்கள். இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள், அந்த வழியாக வந்து மதர்போர்டைக் கொன்ற மின்னலை நானே பார்த்திருக்கிறேன். பழைய தோட்டத்து லயத்து வீட்டு ஒயரிங்கில் மூன்றாவது முனைக்கு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்த ஆளை விட்டுப் பார்த்துவிடுங்கள். உலோகப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பையனுக்குக் கடைசியில் 8 முனை கொண்ட, இரண்டு ஸ்லாட், 200 வாட் கார்டு ஒன்று பார்த்து வாங்கினோம், அட்டைக் கார்டை வைத்து மூடிப் பார்த்தபிறகு. பவர் லிமிட் 80இல் கிடக்கிறது, மத்தியானத்தில் 74 டிகிரி. அந்த மைலோ அட்டையை மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தேன். போன வாரம் பக்கத்துத் தாமான்காரர் ஒருவர் அதே அளவுக் கார்டு வாங்கப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.